குறிப்பு எங்கே குடியிருக்கிறது?

எங்கள் கடை வேலூர் சத்துவாச்சாரியில். கலெக்டர் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் நடந்தே போய்விடலாம், கடையின் பலமே அதுதான். மனு, வாடகை ஒப்பந்தம், பிரமாணப் பத்திரம், வக்கீல் நோட்டீஸ், முகூர்த்த மாதம் வந்தால் கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்போம். இந்த வேலையில் துண்டு துக்கடா விவரங்கள் குவிந்துகொண்டே இருக்கும். எந்த வக்கீல் எழுத்து 14 பாயின்டுக்குக் குறைந்தால் திருப்பி அனுப்புவார், எந்தக் குமாஸ்தா பாதிப் பணம் பாக்கி வைத்திருக்கிறார், பொன்னை பக்கம் ஒரு நிலத்துக்கு உட்பிரிவு எண் எப்படி மாறியது, யார் ‘இ’ போட்ட இராமசாமி, யார் ‘இ’ போடாத ராமசாமி. இதையெல்லாம் எழுதி வைக்காமல் இந்தத் தொழில் செய்ய முடியாது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிரின்டர் ஏன் இழுக்கவில்லை, பையனுக்கு எந்த லேப்டாப் வாங்கலாம், எல்லாவற்றுக்கும் எங்களிடம் வருவார்கள். பெரும்பாலும் மழுப்பி அனுப்பிவிடுவேன். ‘சிஸ்டத்துல குறிப்பு எழுதி வெச்சுக்கறதுக்கு சிம்பிளா ஒரு ஆப் சொல்லுண்ணா’ என்று யாராவது கேட்டால் மட்டும் விடமாட்டேன், நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார வைத்துவிடுவேன். அங்கே சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆப்பின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள். நான் எழுதப் போகும் குறிப்பு எந்த இடத்தில், எந்த உருவத்தில் இருக்கும்? வேலூரைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பட்டியல் உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று போகும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது முதல் வரி கொஞ்சம் பொய்த்தது. கோயில் அதற்கு முன்பே பட்டியலிலிருந்து கழன்றுகொண்டது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் கிடையாது. லிங்கம் எங்கள் சத்துவாச்சாரியில்தான் இருந்தது. 1981-ல் கொண்டுபோய் மறுபடி உள்ளே வைத்தார்கள். இன்று கிடைக்கும் குறிப்பு ஆப்களில் பாதி, 1981-க்கு முந்தைய அந்தக் கோயில்தான். கோபுரம், கல்யாண மண்டபம், யாளித் தூண் எல்லாம் உங்கள் சிஸ்டத்தில் இருக்கும். சாமி எங்கோ ஒரு சர்வரில்.

சர்வரில் இருந்தால் என்ன, பத்திரமாகத்தானே இருக்கும் என்பார்கள். பத்திரமாகத்தான் இருக்கும், வீட்டுக்காரர் மனசு மாறாத வரைக்கும். கூகுள் நோட்புக் என்று ஒன்று இருந்தது. 2006-ல் வந்தது, 2012-ல் மூடினார்கள். அடுத்த வருடமே கூகுள் கீப் வந்தது. எவர்நோட்டில் 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்புக் என்று வரம்பு கட்டினார்கள். விண்டோஸ் 10-க்கென்று தனியாக இருந்த ஒன்நோட் ஆப்பின் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 95-லிருந்து கூடவே வந்த வேர்டுபேடை 2024-ல் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து எடுத்தே விட்டார்கள். இதில் யாரையும் குறை சொல்ல வரவில்லை, கம்பெனி நடத்துகிறவர்கள் கணக்குப் பார்த்துத்தான் நடத்துவார்கள். நாமும் நம் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பட்டியலில் வேர்டுபேடு மட்டும் ஒரு தனி ரகம். அதில் எழுதி வைத்த ஆர்.டி.எஃப். பைலை இன்றைக்கும் வேர்டில் திறக்கலாம், லிப்ரெ ஆபீசில் திறக்கலாம். ஆப்தான் போனது, எழுதினது அப்படியே இருக்கிறது.

சிஸ்டத்துக்குள்ளேயே இருந்தாலும், எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் பிரயோஜனம் இல்லை. எங்கள் கடையில் டைப் அடிக்கும் பெண்ணுக்கு விண்டோஸோடு வரும் ஸ்டிக்கி நோட்ஸ்தான் எல்லாம். திரை முழுக்க மஞ்சள் தாள். 2016-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் அந்தத் தாள்கள் எல்லாம் ‘பிளம்’ என்ற பெயரில் ஒரே ஒரு எஸ்க்யூலைட் பைலுக்குள் சேர்கின்றன. அது ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் நாலைந்து அடுக்குக்குக் கீழே ஒளிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் அவர்கள் சர்வருக்கும் ஒரு பிரதி போகும். நுழையாமல் வெறும் லோக்கல் யூசராக வேலை செய்யும் கடை சிஸ்டங்களில் அந்தப் பைல் ஒன்றுதான். சிஸ்டத்தை ஃபார்மேட் போட வருகிறவர் ‘டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் காப்பி எடுத்துட்டேன்’ என்று சொல்வார். மஞ்சள் தாள் அதில் வராது. ஃபார்மேட்டுக்கு முன்னால் அந்தப் பெண் ஒவ்வொரு தாளாகக் கையால் நகல் எடுக்கிறாள், கேட்டால் ‘பழகிடுச்சுண்ணா’ என்கிறாள்.

தனக்குத் தானே வாட்ஸ்ஆப் அனுப்பிக்கொள்வதையும் இதில் சேர்க்கலாம். 2022 இறுதியில் அந்த வசதியை அதிகாரபூர்வமாகவே கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு மச்சானை ஒரு குரூப்பில் சேர்த்து உடனே நீக்கிவிட்டு, அந்தக் குரூப்பில் எழுதிக்கொண்டிருந்தோம். மளிகைச் சாமான் பட்டியலுக்கு அது தாராளமாகப் போதும். வருடக்கணக்கில் தேடி எடுக்க வேண்டிய விஷயத்துக்கு ஆகாது.

அடுத்தது வேகம். இதை நீட்ட வேண்டியதில்லை. கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் போன் நம்பர் சொல்லத் தொடங்கிவிட்டால் நிறுத்தமாட்டார். ஆப் திறந்து, லோகோ காட்டி, ‘புதிய வசதிகளைப் பாருங்கள்’ என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் ஆறாவது எண்ணுக்குப் போயிருப்பார். இன்றைய குறிப்பு ஆப்களில் பலவும் எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில் கட்டியவை. அதாவது ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு முழு குரோமியம் பிரவுசரை வைத்துக்கொண்டு ஓடுகிறது. அப்சிடியன், ஜோப்ளின், புதிய எவர்நோட் எல்லாம் அந்த வகை. 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் வித்தியாசமே தெரியாது. எங்கள் கடையில் இருப்பது மாதிரி 4 ஜிபி சிஸ்டத்தில், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரும் வேர்டும் பிரவுசரும் திறந்திருக்கும்போது தெரியும்.

இனி தமிழ். ஆப்களை ஒப்பிடும் ஆங்கிலக் கட்டுரைகள் எதிலும் இது வராது, எனக்கோ இதுதான் முக்கியம்.

தேடினால் கிடைக்க வேண்டும், குறிப்பு எழுதுவதே அதற்குத்தான். தமிழில் தேடுவது ஆங்கிலத்தில் தேடுவது மாதிரி அல்ல. ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். எந்த ஆப்பாக இருந்தாலும் முதல் நாளே செய்து பாருங்கள். ‘ஆம்பூரில் பார்ட்டியைப் பார்க்கணும்’ என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டு, ‘ஆம்பூர்’ என்று தேடுங்கள். பல இடங்களில் கிடைக்காது. நம் கண்ணுக்கு ‘ர்’ ஒரே எழுத்து. சிஸ்டத்துக்கு அது ரகரம் ஒன்று, புள்ளி ஒன்று. ‘ஆம்பூரில்’ என்று வேற்றுமை உருபு சேர்ந்ததும் புள்ளி போய் அந்த இடத்தில் இகரக் குறி வந்துவிடுகிறது. நீங்கள் புள்ளியோடு தேடுகிறீர்கள், அங்கே புள்ளி இல்லை. வழி சுலபம்: கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு ‘ஆம்பூர’ என்று தேடுங்கள். ஆம்பூர், ஆம்பூரில், ஆம்பூருக்கு, ஆம்பூரார் எல்லாம் வந்து நிற்கும். ‘பத்திரம்’ என்று தேடினால் ‘பத்திரத்தை’ வராது. ‘பத்திர’ என்று தேடுங்கள், இரண்டும் வரும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் ஆப்களில் இந்த வித்தை பலிக்கும். சில ஆப்கள் வேகத்துக்காக முன்கூட்டியே சொல் சொல்லாகப் பிரித்து அட்டவணை போட்டு வைத்துத் தேடும். பிரிக்கும் நிரலை எழுதியவருக்குத் தமிழ்க் குறிகளைப் பற்றித் தெரியாதிருந்தால் அங்கே என்ன கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

இதைவிடக் குழப்பமானது இன்னொன்று இருக்கிறது. ‘தோல்’ என்ற சொல் எங்கள் பக்கத்தில் எவ்வளவு புழங்கும் என்று சொல்லத் தேவையில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று சுற்றிலும் தோல் தொழில்தான். எங்களிடம் வரும் ஒப்பந்தங்களில் மூன்றில் ஒன்றாவது தோல் மண்டியோ ஷூ அப்பர் தைக்கும் யூனிட்டோ சம்பந்தப்பட்டதாக இருக்கும். இந்தத் ‘தோல்’ யூனிகோடில், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு பொது எண் கொடுக்கும் முறையில், இரண்டு விதமாக உட்கார முடியும். தகரத்துக்குப் பின்னால் ஓகாரக் குறி என்று ஒரே குறியீடாக இருக்கலாம். அல்லது ஏகாரக் குறி தனியாக, அதற்குப் பின்னால் காலெழுத்துத் தனியாக என்று இரண்டு குறியீடாக இருக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் பேதம் தெரியாது. யூனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம்தான். ஆனால் அந்தச் சமத்தைக் கணக்கில் எடுத்துத் தேடும் ஆப் குறைவு. இப்போது விண்டோஸில் வரும் தமிழ் 99 விசைப்பலகையில் அடித்தால் ஒற்றைக் குறியீடாக விழும். பழைய எழுத்துருவில் இருந்ததை மாற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் சில அதை இரண்டாகக் கொட்டிவிடும். கடையில் பாதிக் குறிப்பு நேராக அடித்தது, பாதிக் குறிப்பு மாற்றி எடுத்தது. ‘தோல்’ என்று தேடினால் பாதிதான் வரும், மீதி கண்ணெதிரே இருந்தும் வராது.

ஔகாரம் இன்னொரு தலைவலி. கௌரி என்று சரியாக அடிப்பவர்களும் உண்டு. கெ அடித்து, ளகரம் அடித்து, ரி அடித்து ‘கெளரி’ என்று விடுபவர்களும் உண்டு, அவர்கள்தான் அதிகம். ஓகாரத்தைச் சரி செய்வது எளிது. எல்லாப் பைலிலும் ஏகாரக் குறியும் காலும் அடுத்தடுத்து வரும் இடத்தை ஒற்றைக் குறியாக மாற்று என்று ஒரே கட்டளை, முடிந்தது. ஒகரத்துக்கும் அதே மாதிரி. ஔகாரத்துக்கு அப்படி மொத்தமாக மாற்றக் கிளம்பினால் வெள்ளிக்கிழமை, வெள்ளம், தெள்ளத் தெளிவு எல்லாம் சேர்ந்து நாசமாகும். அங்கே பெயர் பெயராகத்தான் போக வேண்டும். கௌரி, கௌதம், சௌந்தர், மௌனம் என்று ஒரு கைக்குள் அடங்கும் பட்டியல்தான். சலிப்பான வேலை, செய்து முடித்தால் நிம்மதி.

பழைய எழுத்துரு என்றேன். இளையவர்களுக்கு இது தெரிந்திருக்காது. டி.டி.பி. கடைகளில் பேஜ்மேக்கர் 7 இன்னமும் ஓடுகிறது. அது 2001-ல் வந்தது, யூனிகோட் தமிழ் அதில் ஏறாது. அதனால் பாமினியும் வானவில் அவ்வையாரும் இன்னும் எங்கள் கையை விட்டுப் போகவில்லை. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010-ல். அதற்கு முந்தைய அரசு ஆவணங்கள் வானவிலில் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்து, அதே பைலைப் பாமினி இல்லாத சிஸ்டத்தில் திறந்தால், ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச் என்று ஐந்து எழுத்து வந்து நிற்கும். உள்ளே உண்மையில் இருப்பது அதுதான். மேலே தமிழ் உருவம் போட்டுக் காட்டுவது எழுத்துருவின் வேலை. அப்படி எழுதின குறிப்பை ‘அம்மா’ என்று தேடி எடுக்க எந்த ஆப்பாலும் முடியாது. அச்சு வேலைக்கு எதில் வேண்டுமானாலும் அடியுங்கள். குறிப்பை மட்டும் யூனிகோடில் எழுதுங்கள்.

யூனிகோடில் எழுதினாலும் சேமிக்கும்போது கவனம் வேண்டும். நோட்பேடு 1985-ல் முதல் விண்டோஸோடு வந்தது, இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைப் போல வேகமாகத் திறக்கும் ஆப் வேறு கிடையாது. ஆனால் பழைய நோட்பேடு ‘ஆன்சி’ என்ற முறையில்தான் சேமிக்கும். தமிழில் எழுதி கன்ட்ரோல்-எஸ் போட்டால் ‘யூனிகோட் எழுத்துகள் போய்விடும், பரவாயில்லையா’ என்ற பொருளில் ஒரு எச்சரிக்கை வரும். அவசரத்தில் ஓகே கொடுத்துவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் இருக்கும். கன்வெர்ட்டர் வைத்தெல்லாம் அதை மீட்க முடியாது, அது நிஜமாகவே கேள்விக்குறியாக மாறிவிட்டது. 2019-ல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேடு தானாகவே யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கிறது, இந்தக் கவலை இல்லை. விண்டோஸ் 7 ஓடும் சிஸ்டங்கள் எங்கள் தெருவில் இன்னும் இருப்பதால் சொல்கிறேன். அங்கே ‘சேவ் ஆஸ்’ போய் யூடிஎஃப்-8 என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்பவர்களுக்கு: யூடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். ‘வேலூர்’ என்பது சிஸ்டத்துக்கு ஆறு குறியீடு, ஆக 18 பைட். ஒரு பக்கம் நிறைய எழுதினாலும் ஆறேழு கேபி தாண்டாது. வாழ்நாள் முழுக்க எழுதும் குறிப்புகள், போனில் நாலைந்து போட்டோ பிடிக்கும் இடத்தில் அடங்கும். இதற்கு மாதச் சந்தா கட்டச் சொன்னால், எதற்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஃபோல்டர் விஷயத்தில் எங்கள் மாவட்டமே எனக்குப் பாடம் நடத்தியது. பழைய பத்திரங்களில் ‘வடாற்காடு ஜில்லா’ என்று இருக்கும். 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது, திருவண்ணாமலை தனியாகப் போனது. மிச்சமிருந்த வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாக ஆனது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டைக்குப் போயின. காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு வேலூரில் தங்கின. மாவட்டம், அதற்குள் தாலுகா, அதற்குள் கிராமம் என்று அடுக்கடுக்காக ஃபோல்டர் போட்டு வைத்திருந்த பத்திர எழுத்தர் ஒருவர் கடைக்கு வந்து, ‘இன்னா தம்பி, கவர்மென்ட்டு ஒரு கையெழுத்துப் போட்டாங்க, எனக்கு மூணு மாசம் வேலை’ என்றார். ஒரே ஊர் ஆவணத்துக்கு ஆவணம் மூன்று மாவட்டத்தில் இருக்கும். எந்த ஃபோல்டரில் வைப்பது?

அதனால் எல்லாமே ஒரே ஃபோல்டரில். பைல் பெயரில் முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு நாள், அப்புறம் விஷயம். வருடத்தை முன்னால் போட்டால்தான் சிஸ்டம் தேதி வரிசையில் அடுக்கும், நாளை முன்னால் போட்டால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஒன்றாகக் கூடி நிற்கும். குறிப்பின் கடைசி வரியில் தேடுவதற்கு உதவும் சொற்களை வரிசையாகக் கொட்டிவிடுவேன். ராணிப்பேட்டை, இராணிப்பேட்டை, வட ஆற்காடு, வடாற்காடு, வடார்க்காடு என்று யார் எப்படி எழுதினாலும் மாட்டும்படி. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், தேடும்போது அருமை தெரியும்.

ஓர் இடைச்செருகல். பல எடிட்டர்களில் வரிகளை அகர வரிசைப்படுத்தும் வசதி இருக்கிறது. தமிழ்ப் பெயர்ப் பட்டியலுக்கு அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். யூனிகோட் அட்டவணையில் ந-வை அடுத்து உடனே ன வந்துவிடும், வ கடைசிக்குப் போய்விடும். எண் வரிசையைப் பார்த்து அடுக்கும் எடிட்டருக்கு நம் ய ர ல வ ழ ள தெரியாது.

கரன்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்றால் பேப்பரிலேயே வந்துவிடும், கடையை மூடிவிட்டுப் போகலாம். சொல்லாமல் போவதுதான் கஷ்டம், அதுவும் கத்திரி வெயிலில் ஊரே ஏசி போட்டிருக்கும் மதியத்தில். வேலூர் வெயிலில் யூ.பி.எஸ். பேட்டரியும் சீக்கிரம் செத்துப்போகும், சூடு அதற்கு எமன். எனவே தானாகச் சேமிக்கும் ஆப்தான் வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விண்டோஸ் 11-இன் புதிய நோட்பேடு, சேவ் செய்யாத டேபுகளையும் அடுத்த முறை திறக்கும்போது அப்படியே கொண்டுவந்து தருகிறது. நல்ல விஷயம்தான், ஆனால் அந்த டேபு உங்கள் ஃபோல்டரில் பைலாக இருக்காது. ஆப்பின் உள்ளறையில், வேறு உருவத்தில் கிடக்கும். ஃபோல்டரை பென்டிரைவில் காப்பி எடுத்தால் அது கூட வராது. பெயர் வைத்துச் சேமித்தால்தான் உங்களுடையது. இன்னொன்று, வட்டில் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் கரன்ட் போனால் எந்த எடிட்டராக இருந்தாலும் பைல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. அளவு சரியாகக் காட்டும், திறந்தால் உள்ளே வெறும் பூஜ்யமாக இருக்கும். தானாகச் சேமிப்பது வேறு, இன்னோர் இடத்தில் பிரதி வைப்பது வேறு. சாயங்காலம் கடை சாத்தும் முன் அந்த ஒரே ஃபோல்டர் பென்டிரைவுக்குப் போய்விடும். சில எம்பிதான், ஷட்டரை இறக்குவதற்குள் முடிந்துவிடும்.

இத்தனையும் பார்த்து நான் நின்ற இடம் நோட்பேடு++. 2003-லிருந்து வருகிறது, இலவசம், சில எம்பி மட்டுமே, பழைய சிஸ்டத்திலும் சட்டென்று திறக்கும். இது புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான எடிட்டர். குறிப்புக்காகச் செய்தது கிடையாது, பட்டன்களைப் பார்த்தால் பயம் வரும். முக்கால்வாசியைத் தொடவே வேண்டாம். செட்டிங்கில் எழுத்துருவை நிர்மலா யூ.ஐ. என்று மாற்றினால் தமிழ் கண்ணுக்குச் சரியாக இருக்கும். பெயர் வைக்காத குறிப்பையும் சில நொடிக்கு ஒரு தரம் தனியாகப் பிரதி எடுத்துக்கொள்ளும். ஃபோல்டர் முழுக்கத் தேட கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப். மேலே சொன்ன ஓகார மாற்றத்தை எல்லாப் பைலிலும் ஒரே மூச்சில் செய்வதும் அதே பெட்டியில்தான்.

என் அக்கா பையன் காட்பாடியில் இன்ஜினீயரிங் படிக்கிறான். ‘இன்னா மாமா, இன்னமும் நோட்பேட வெச்சிக்கினு கீற’ என்று சிரித்துவிட்டு, லேப்டாப்பில் அப்சிடியனைத் திறந்து காட்டினான். 2020-ல் வந்தது. ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புப் போடலாம், எல்லாம் சேர்ந்து புள்ளியும் கோடுமாக ஒரு படமாக வரும். படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். அழகாகத்தான் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்து அவன் இதுவரை எதையாவது கண்டுபிடித்திருக்கிறானா என்று கேட்டேன். ‘அது சும்மா கெத்துக்கு மாமா’ என்றான். ஆனால் அந்த ஆப்பில் எனக்குப் பிடித்த விஷயம் அவன் காட்டாமல் விட்டது. அப்சிடியன் குறிப்புகளை உங்கள் ஃபோல்டரிலேயே சாதாரண எழுத்துப் பைல்களாகத்தான் வைக்கிறது, தலைப்பு, தடித்த எழுத்து எல்லாவற்றையும் சின்னச் சின்னக் குறிகளால் காட்டும் மார்க்டவுன் முறையில். ஆப்பை நீக்கிவிட்டாலும் எழுதியது எல்லாம் அங்கேயே இருக்கும், நோட்பேடில் திறக்கும். என் பைல்களின் வால் டி.எக்ஸ்.டி. என்று இருந்ததால் அவனுடைய ஆப்பில் தெரியவில்லை. எம்.டி. என்று வாலை மாற்றினோம், உள்ளே ஓர் எழுத்தும் மாறவில்லை. இப்போது ஒரே ஃபோல்டரை நான் என் பழைய சிஸ்டத்தில் நோட்பேடு++ வைத்துத் திறக்கிறேன், அவன் லீவுக்கு வந்தால் அப்சிடியனில் திறக்கிறான். எங்களுக்குள் சண்டை தீர்ந்தது, படம் மட்டும் இன்னும் எனக்குப் புரியவில்லை.

எல்லாருக்கும் இதையே சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். பேனாவால் திரையில் எழுதுகிறவர்கள், போட்டோவும் பி.டி.எஃப்-உமாக ஒட்டி வைக்கிறவர்கள் ஒன்நோட்டுக்குப் போங்கள், எழுத்துப் பைலில் படம் ஏறாது. போனிலும் சிஸ்டத்திலும் ஒரே ஆப் வேண்டும், போகிற வழியில் யாரும் படிக்கக் கூடாது என்றால் ஜோப்ளின் நல்லது. அதன் நிரல் திறந்த மூலம். குறிப்பைத் தனக்குள் ஒரு தரவுத்தளத்தில் வைக்கும் என்றாலும், மொத்தத்தையும் மார்க்டவுன் பைல்களாக வெளியே எடுக்க வழி விட்டிருக்கிறார்கள். எந்த ஆப்பைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வாரத்திலேயே அந்த வெளியே எடுக்கும் வழியை ஒரு தடவை செய்து பாருங்கள். பத்துக் குறிப்பு இருக்கும்போது செய்து பார்ப்பது சுலபம். ஆதார் எண், பாஸ்வேர்டு, அடுத்தவர் வங்கிக் கணக்கு விவரம் இவற்றைச் சாதா எழுத்துப் பைலில் வைக்காதீர்கள், பென்டிரைவ் தொலைந்தால் எடுத்தவன் எல்லாவற்றையும் படிப்பான். அதற்குக் கீபாஸ் மாதிரி தனியாகப் பூட்டுப் போட்ட ஆப்கள் இருக்கின்றன.

போனில்தான் எனக்கு இன்னும் ஒன்றும் சரியாக அமையவில்லை. ஆண்ட்ராய்டில் மார்க்கோர் என்று ஒரு சின்ன எடிட்டர் இருக்கிறது, இதே பைல்களைத் திறக்கும், குறை சொல்ல முடியாது. ஃபோல்டரைப் போனுக்கும் சிஸ்டத்துக்கும் இடையே கொண்டுபோக சின்க்திங் நல்ல ஏற்பாடு. அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு ஆப்பை 2024 இறுதியில் நிறுத்திவிட்டார்கள், இப்போது வேறு ஆட்கள் எடுத்துத் தனியாக நடத்துகிறார்கள். அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லி அக்கா பையன் நச்சரிக்கிறான். அவன் அடுத்த லீவுக்கு வரட்டும், உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம். அதுவரைக்கும் வெளியே இருக்கும்போது தோன்றுவதைப் பில் புக்கின் பின் அட்டையில் எழுதி, கடைக்கு வந்ததும் தட்டிவிடுகிறேன்.